அவர் தட்டின குழம்புச் சட்டி

என் குழம்புச் சட்டியை யாராவது சோப்புப் போட்டுக் கழுவினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். விருந்தாளி என்றும் பார்க்க மாட்டேன். மண்சட்டி சோப்பைக் குடித்துவிடும், அப்புறம் குழம்பு கொதிக்கிறபோது குடித்ததையெல்லாம் கக்கும். தேங்காய் நாரும் கொஞ்சம் கடலை மாவும் போதும். கழுவி, கவிழ்த்து, வெயிலில் காய வைக்க வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கின சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றவே கூடாது. கேஸ் அடுப்பில் எடுத்த எடுப்பில் தீயைக் கூட்டினாலும் போச்சு. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அலுமினிய அண்டாக்களோடு மல்லுக்கட்டுகிற வேலை எனக்கு. வீட்டுக்கு வந்து அந்தச் சட்டியில் ஒரு புளிக்குழம்பு வைத்தால்தான் சமைத்த மாதிரி இருக்கும்.

அந்தச் சட்டியை என் வீட்டுக்காரர் போட்டு உடைத்தார்.

உடைத்தார் என்று சொல்வதும் பாவம். அந்த வருஷம் ஆனி மாதம் அவருக்கு வாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்டது. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்கு வந்து, கால் ஒருவழியாகத் தேறிவிட்டது. கைதான் வரவில்லை. விரல்கள் பாதி மடங்கினபடியே நிற்கும். பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்த தம்பி, "தினமும் சப்பாத்தி மாவு பிசைங்க ஐயா" என்றான். அவன் தெருமுனை தாண்டும் வரைதான் பொறுத்தார். "மக்காச்சோளம் போட்டு மூட்டை தூக்குன கைய ரொட்டி சுடச் சொல்லுதான் பாரு!" என்று கத்தினார். மாவுச் சட்டி அப்படியே கிடந்தது.

சாப்பாடுதான் பெரிய பாடு. இடது கையால் சோற்றை எடுத்துத் தின்ன அவருக்கு அருவருப்பு. ஊட்டிவிடவும் விட மாட்டார். இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவார். நான்கூடப் பார்க்கக் கூடாது. கல்யாண வீடு, சடங்கு வீடு எல்லாம் நின்று போயிற்று. யாராவது வந்தால் "சாப்பிட்டாச்சு" என்று பொய் சொல்லிவிட்டுப் பட்டினி கிடப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் ஐப்பசியில் மகளுக்குச் சம்பந்தம் வந்தது. மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை வீடு கடம்பூர்ப் பக்கம். வந்தார்கள், பெண்ணைப் பார்த்தார்கள், காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கத்தில் பேச்சு உறுதியாகாமல் பெண் வீட்டில் சோறு தின்ன மாட்டார்கள். சம்மதம் என்றால்தான் வந்து கை நனைப்பார்கள். அன்றைக்கு இரண்டு தகப்பன்மாரும் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதோடு பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நான்கு நாள் கழித்து போன் வந்தது. "எங்களுக்குச் சம்மதம். தை பிறந்ததும் கை நனைக்க வாரோம்."

சந்தோஷப்பட வேண்டியவர் முகம் சுருங்கிப் போனது. "என் தம்பி உக்காரட்டும்" என்றார். "அவன் உக்காந்தா என்ன, நான் உக்காந்தா என்ன?" மகளிடம் போனில் இதைச் சொன்னேன். அவள் என் பெண் அல்லவா! "சித்தப்பா உக்காந்தா நான் ஊருக்கே வரமாட்டேன்மா, பாத்துக்கோ" என்று வைத்துவிட்டாள்.

அதை அவர் காதில் போட்ட மறுநாள்தான் சட்டி உடைந்தது. நான் வேலைக்குப் போனபிறகு மனிதர் அடுப்படிக்குப் போயிருக்கிறார். வலது கையால் எதையாவது தூக்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. வீட்டில் தூக்க வேறு சாமானே இல்லை பாருங்கள்! நான் திரும்பி வந்தபோது ஓடுகளைப் பொறுக்கி முறத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு வாயில் வந்த வசவு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"வேற வாங்கித் தாரேன்ட்டி" என்றார்.

"சட்டி கெடக்கட்டும். கையில கிழிச்சிருச்சா?" என்றேன்.

அடுத்த நாள் காலையில் அவராகவே மண்பானை செய்கிற தெருவுக்குப் போனார். நாலு தெரு தள்ளி இருக்கிறது. அங்கே சட்டி செய்கிற அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மோட்டார்ச் சக்கரம் போட்டிருக்கிறாள், பூந்தொட்டி, விளக்கு என்று லாரியில் ஏற்றி அனுப்புகிறாள், நின்று பேச நேரமில்லாதவள். கார்த்திகை நெருங்குகிற சமயம் வேறு. சட்டி வாங்கப் போனவர் வாங்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார்.

என்னதான் செய்கிறார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்தேன். சக்கரத்திலிருந்து எடுக்கிறபோது சட்டிக்கு அடி இருக்காது. கொஞ்சம் உலர்ந்ததும், உள்ளே ஒரு உருண்டைக் கல்லை முட்டுக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூட வேண்டும். கல் ஒட்டாமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். அவர் இடது கையில் பலகையைப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தார். வலது கை சட்டிக்குள்ளே இருந்தது. அது கல்லை எப்படிப் பிடித்திருக்கிறது, நடுங்குகிறதா, நழுவுகிறதா, ஒன்றும் வெளியே தெரியாது. அதுதான் அவருக்குப் பிடித்துப் போயிற்று என்று எனக்குப் பார்த்த உடனே புரிந்தது.

நாலைந்து சட்டி அவர் கையில் அடி கிழிந்து போனது. "குயவனுக்குப் பல நாள் வேலை, தடிகாரனுக்கு ஒரு நொடி வேலைன்னு சும்மாவா சொன்னாவ? தடிகாரன் எங்க வீட்டுலயே உக்காந்திருக்காவ" என்று அந்த அம்மா சிரித்தாள். இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாதம் வந்ததற்குப் பிறகு அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு சட்டி ஒழுங்காக வந்ததும் சம்சாரிப் புத்தி, அதுதான் விவசாயி புத்தி, கிளம்பிவிட்டது. எங்கள் காட்டு மண்ணிலேயே ஒரு சட்டி தட்டி எனக்குத் தரவேண்டுமாம். தன் தம்பியின் வண்டியில் உட்கார்ந்து போய், உரச்சாக்கு நிறையக் கரிசல் அள்ளிக்கொண்டு வந்து அந்த அம்மா வாசலில் இறக்கினார்.

"அண்ணாச்சி, கரிசல் சட்டிக்கு ஆவாது. தண்ணி பட்டா உப்பும், காஞ்சா வெடிக்கும். கோடையில உங்க காடு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கத நீங்க பாக்கலியா? கண்மாய் மண்ணுதான் சட்டிக்கு."

"கரிசல்ல விளையாதது என்ன இருக்கு? பருத்தி விளையுது, உளுந்து விளையுது. ஒரு சட்டி விளையாதா?"

"விளையும் அண்ணாச்சி. விதை இருந்தா கொண்டாங்க, போட்டுப் பாப்போம்."

கரிசல்காட்டுக்காரனிடம் கரிசலைக் குறை சொன்னால் கேட்பானா? முதல் சட்டி நிழலில் காய்கிறபோதே நாலாப் பக்கமும் விரிசல் விட்டது. "பாதிக்குப் பாதி போடு" என்று பேரம் பேசினார். பாதி கண்மாய் மண், பாதி கரிசல். கரிசலைச் சலிக்க என் மாவுச் சல்லடையை எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். சல்லடை இன்றைக்கு வரைக்கும் திரும்பி வரவில்லை, அது வேறு கதை. அந்த அம்மா சக்கரத்தில் எடுத்துக் கொடுத்தாள். இவர் தட்டினார். கார்த்திகை முடிந்து, மார்கழியில் பொங்கல் பானைச் சூளையோடு அதையும் வைத்துச் சுட்டார்கள்.

பொய் சொல்லக்கூடாது, சட்டி நன்றாகத்தான் வந்தது. கொஞ்சம் கனம், வாய் ஒரு பக்கம் சரிவு. சுண்டினால் கணீர் என்றது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அந்த வலது கை விரல்கள் சட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தன. எனக்குச் சட்டி கண்ணில் படவில்லை, விரல்தான் பட்டது.

புதுச் சட்டியை உடனே அடுப்பில் ஏற்றக் கூடாது. பழக்க வேண்டும். அரிசி கழுவின தண்ணீரை ஊற்றி ஊற வைத்தேன். பிறகு கஞ்சித் தண்ணீரை ஊற்றிச் சிறு தீயில் கொதிக்க வைத்தேன். ஆறினதும் நல்லெண்ணெய் தடவிக் கவிழ்த்தேன். பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிறபோது நிற்கிற மாதிரி அவர் பக்கத்திலேயே நின்றார்.

இரண்டொரு நாளில் மத்தியானம் 'டக்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் சட்டியின் வெளிப்பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்திருக்கிறது. பெயர்ந்த பள்ளத்தின் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. சாயங்காலம் இன்னொன்று. பொங்கலுக்குள் சட்டி முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் கரிசலுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கல் கிடக்கும். சுக்கான் என்போம். பெரிய கல்லைச் சல்லடை நிறுத்தியிருக்கிறது, பொடி மணலாகக் கிடந்ததை விட்டுவிட்டது. ஒரு சில்லைக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் காட்டினேன். "சூளையில வெந்து சுண்ணாம்பாயிருக்கு. இப்ப ஈரத்தைக் குடிச்சு உப்பி, மேல் ஓட்டைத் தள்ளுது" என்றாள் அந்த அம்மா. "ஒழுகுதா மதினி?"

"ஒழுகல."

"அப்ப குழம்பு வைங்க. மேலுக்குத்தான் அப்படி."

நான் வந்து அதைச் சொன்னேன். அவர் காதில் வாங்கவே இல்லை. மண் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். அதே ஸ்பூன், அதே சுவர். தம்பியைக் கூப்பிட்டு, "நீயே பந்தியில உக்காந்துரு. நல்ல வேட்டி இருக்கா?" என்று கேட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"சட்டி கல்லு மாதிரி நிக்குது. நீங்கதான் உடைஞ்சு போய் உக்காந்திருக்கீங்க" என்று கத்திவிட்டேன்.

கை நனைக்கிற நாள் வந்தது. பந்தியில் உட்காரச் சம்மதித்து அவர் தலையை ஆட்டினதாக நான் பொய் சொன்ன பிறகுதான் மகள் வண்டி ஏறினாள். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை அந்தச் சட்டியில்தான் வைத்தேன். வேண்டுமென்றேதான் வைத்தேன். கடம்பூர்க்காரர்கள் போளியும் பூவும் பழமுமாக வந்து இறங்கினார்கள். பேச்செல்லாம் முடிந்து இலை போட்டோம். இவர் உள்ளறையில் வேட்டி சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இவர் தம்பி பந்தியில் உட்காரப் போனார். மாப்பிள்ளையின் அப்பா அவரைப் பார்த்துவிட்டு, பக்கத்து இலையைக் கையால் தட்டிக் காட்டினார்.

"இது அண்ணாச்சி இலைல்லா? அவிய வரட்டும். நமக்கு என்ன அவசரம்?"

யாரும் சோற்றில் கை வைக்கவில்லை. இலையில் போட்ட சோறு ஆவி பறந்து ஆறிக்கொண்டிருந்தது. மகள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் உள்ளேயிருந்து அவர் எழுந்து வந்து உட்கார்ந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று முந்தானைக்குள் ஒரு ஸ்பூனை வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

வலது கையைச் சோற்றில் வைத்தார். மண்ணைத் தட்டுகிறவர்கள் சாம்பலைத் தொடுகிற மாதிரி முதலில் விரல் நுனியால் தொட்டார். பிசைந்தார். தூக்கினார். பாதி வழியில் பாதிச் சோறு சிந்தியது. மிச்சம் வாய்க்குப் போனது. மறுபடி பிசைந்தார்.

மற்றவர்கள் மோர் வரைக்கும் வந்துவிட்டார்கள். இவர் இன்னும் குழம்புச் சோற்றில்தான் இருந்தார். பந்தியில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் எழுந்தால் அது அவருக்கு மரியாதை இல்லை. இவர் நெற்றியில் வியர்வை துளிர்ப்பது எனக்குத் தெரிந்தது. பாதியில் இலையை மூடிவிடுவாரோ என்று பதறிக்கொண்டிருந்தேன்.

"மதினி, அந்தச் சட்டிக் குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. மோர்ச் சோறு சாப்பிட்டு முடித்த இலையில் மறுபடி சோறு வாங்கினார். குழம்பு ஊற்றிக்கொண்டார். "சட்டி எங்கன வாங்குனது அண்ணாச்சி? குழம்பு தனி ருசியா இருக்கே!"

"வாங்கல. நான் தட்டுனது" என்றார் இவர், தலையை நிமிர்த்தாமல்.

"அப்ப எங்க வீட்டுக்கும் ஒண்ணு தட்டித் தாங்க."

இவர் கை நின்றது. அந்தத் தழும்புச் சட்டியை ஒரு தடவை பார்த்தார். "தட்டித் தாரேன். கரிசல் வேண்டாம், கண்மாய் மண்ணுல தட்டித் தாரேன்." இத்தனை நாளும் அந்த அம்மாவிடம் ஒத்துக்கொள்ளாததைச் சம்பந்தி வீட்டாரிடம் ஒத்துக்கொண்டார், மகராசன்.

மாப்பிள்ளையின் அப்பா அதற்கப்புறம் ரசம் கேட்டார். அப்புறம் மோர். அப்புறம் இன்னும் கொஞ்சம் மோர். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் சம்சாரம் என் பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள்: "வீட்டுல ஒரு அகப்பைச் சோத்துக்கு மேல தொட மாட்டாவ மதினி. சுகரு. இன்னைக்கு என்னமோ எந்திரிக்கவே மாட்டேங்காவ." சொல்லும்போதே அவளுக்கும் விளங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

என் வீட்டுக்காரர் கடைசி வாய் மோர்ச் சோற்றை அள்ளித் தின்றார். வலது கையால் இலையைத் தன் பக்கமாக மடித்தார். ஓரம் சரியாகப் படியவில்லை, உள்ளங்கையால் அழுத்திப் படிய வைத்தார். அதைப் பார்த்த பிறகுதான் பக்கத்து இலையும் மூடியது.

"எந்திரிப்போமா சம்பந்தி?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அந்த நிமிஷம் வரைக்கும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.