தாலி ஏறாத கார்

வெயிலில் வெந்த ரெக்ஸின் சீட்டும் பெட்ரோலும் மல்லிகைப்பூவும் சேர்ந்தால் ஒரு வாடை வரும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் குமட்டும், ஆனால் அதுதான் அன்று எங்கள் குடும்ப கௌரவம். அப்பாவின் கார் "உருண்டை", தாய்மாமாவின் கார் "சப்பை". இரண்டும் வேறு வேறு கம்பெனி என்பதால் ஒருவர் காரில் மற்றவர் கால் வைக்கமாட்டார். நானும் தச்சநல்லூர்த் தெருவில் "சப்பை ஒழிக" என்று கத்தி, மாமா மகனிடம் உதை வாங்கிய தியாகிதான்.

சித்தப்பா கல்யாணத்தன்று தாலியையும் கூறைப்புடவையையும் சுமந்துகொண்டு அம்பாசமுத்திரத்துக்குக் கிளம்பிய உருண்டை, சேரன்மகாதேவி தாண்டி, வாழைத்தோப்புகளுக்கு நடுவே பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பின்னாலிருந்து தள்ளியதில் என் புது வேட்டிதான் நகர்ந்தது.

அந்த நேரம் பார்த்து சப்பை வந்து நின்றது. மாமா கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"என்ன அத்தான், உருண்டை உருள மாட்டேங்குதோ? ஏறுங்க, போவோம்."

"போதும் வே. எங்க வீட்டுத் தாலி உம்ம டப்பாவுல ஏறாது."

"ரெண்டு பேரும் இங்கனயே கெடங்க" என்று அம்மா தாலித் தட்டை எடுத்துக்கொண்டு நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் சமரசம் பிறந்தது: வாழைத்தார் லாரிக்காரரிடம் கயிறு வாங்கி, சப்பை உருண்டையை இழுக்க வேண்டும், மண்டபத்துக்கு இரண்டு தெரு முன்னாலேயே, யார் கண்ணிலும் படாமல், கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும்.

மாமா அவிழ்ப்பாரா? ஹாரனை அமுக்கிக்கொண்டு, மேளக்காரர்கள் விலகி ஓட, மண்டப வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். சொந்தபந்தம் மொத்தமும் வேடிக்கை பார்த்தது. எனக்கு சீட்டுக்கடியில் புதைந்துகொள்ளலாம்போல் இருந்தது. அப்பா தட்டோடு நிதானமாக இறங்கினார்.

"இவம் வண்டிக்கு பிரேக்கே கெடையாது வே. நான் பின்னால கயித்தைப் போட்டு இழுத்துப் பிடிக்கலன்னா, நேரா பந்திக்குள்ள விட்டிருப்பான்!"

தாலி எப்படியோ நேரத்துக்கு ஏறிவிட்டது.

இன்று உருண்டையும் இல்லை, சப்பையும் இல்லை. தெருவில் நிற்கும் கார்களுக்கெல்லாம் ஒரே முகம், "எவ்வளவு மைலேஜ் குடுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், மெனக்கெட்டுச் சண்டைபோட ஆளில்லை. போன மாதம் அப்பாவையும் மாமாவையும் என் புதுக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். ஆயுளில் முதல்முறையாக இருவரும் ஒத்துப்போனார்கள், என் காரைத் திட்டுவதில்.

"இதைத் தகரத்துல செய்யுதானா, அட்டையில செய்யுதானா?"

"பைய சாயுங்க அத்தான், கழண்டு விழுந்துரும்."

வீரவநல்லூரில் என் பொறுமை போயிற்று. ஓரமாக நிறுத்தி, "பிடிக்கலன்னா எறங்கி நடங்க!" என்று கத்திவிட்டேன்.

இரண்டு பேரும் ரோஷமாகக் கதவுகளைத் தடவினார்கள். திறப்பது எப்படியென்று இருவருக்கும் தெரியவில்லை.