இடது பக்கத்துக் கார்

கணேசபாண்டியனின் இடது கண் ஒரு ரப்பர் கயிற்றால் போனது. பம்பாய் குர்லா ரயில் டெர்மினஸ் வாசலில் ஒரு குடும்பத்தின் பெட்டிகளைத் தன் டாக்ஸி கேரியரில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். இழுத்து மாட்டிய கொக்கி நழுவித் தெறித்து நேராகக் கண்ணில் அடித்தது. ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தார்கள். பார்வை திரும்பவில்லை.

ஒற்றைக் கண்ணோடு டாக்ஸி ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மீசை அரும்பிய நாளிலிருந்து பம்பாய்த் தெருக்களில் வண்டி ஓட்டியவர், தாராவியில் ஒரு தோல் பைப் பட்டறையில் பைகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போனார். வேலையைப் பற்றி அவர் குறை சொன்னதில்லை. தூரம் பிடிபடாமல் போனதுதான் அவரைக் குடைந்தது. டீ ஊற்றினால் டம்ளருக்கு வெளியே விழும். மாடியிலிருந்த வீட்டின் இரும்பு ஏணியில் காலால் தடவித் தடவி இறங்குவார். யாராவது கைகொடுக்க வந்தால் எரிந்து விழுவார்.

அந்த வருஷ மழையில் அவர் மனைவி பூமாரியின் தம்பி வேல்ராஜின் அறை ஒழுகியது. ஐரோலியில் கம்பெனி கம்பெனியாகப் போய்க் கேபிள் இழுக்கிறவன் அவன். கல்யாணம் ஆகவில்லை, கையில் மிச்சம் பிடித்ததையெல்லாம் கார் ரேஸ் கேமில் போட்டிருந்தான். கேம் பெட்டி, ஸ்டியரிங், பெடல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி அக்காள் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு பலகையில் முடுக்கி, டிவியோடு இணைத்தான்.

கணேசபாண்டியன் சில நாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேல்ராஜ் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "கியரை எறக்காம வளைக்கியே, வண்டி எங்க நிக்கும்?" என்றார்.

"நீங்க உக்காந்து ஓட்டுங்க அத்தான்."

உட்கார்ந்தார். பொத்தானை அமுக்கினால் பறக்கிற விளையாட்டு இல்லை அது. ஸ்டியரிங் நிஜ வண்டி போலவே கையை இழுத்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தால் டயர் வழுக்கியது. நெரிசலான சயான் சர்க்கிளில் ஓட்டுவது போல் ஓட்டியவரை அத்தனை கார்களும் கடந்து போயின. இரண்டு முறை புல்லில் ஏறி நின்றார். ஆனால் மூன்றாவது வளைவுக்கு முன்னால் கால் தானாக பிரேக்கைத் தேடிப் போனது. சரியான இடத்தில் மிதித்து, சரியான இடத்தில் விட்டது. அடிபட்ட பிறகு, தூரம் தெரிந்தது அன்றைக்குத்தான்.

ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்து இடம் விட்டார்.

"மாப்ள, நீ ஒரு கண்ண மூடிக்கிட்டு ஓட்டு, பாப்போம்."

வேல்ராஜ் ஓட்டிப் பார்த்தான். "வித்தியாசமே தெரியலையே அத்தான்!"

"எப்பிடிடே தெரியும்? டிவி தட்டையாத்தான இருக்கு. அதுக்குள்ள எல்லாவனுக்கும் ஒத்தக் கண்ணுதான்."

அதற்குப் பிறகு அவரை அங்கிருந்து எழுப்புவது கஷ்டமாகிவிட்டது. பட்டறைக்குப் போகும் முன் காலையில் உட்கார்ந்துவிடுவார். ஜெர்மனியில் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் ஒரு நீண்ட பாதையை எடுத்துக்கொண்டார். எங்கும் இடிக்காமல் அதை ஒரு சுற்று முடிக்க அவருக்கு மழைக்காலம் முழுவதும் பிடித்தது. தோற்ற இடத்திலேயே திரும்பத் திரும்பப் போய் நின்றார். சலிக்கவில்லை.

செம்பூரில் ஒரு கேம் சென்டரில் மாதாமாதம் போட்டி நடப்பதாக வேல்ராஜ் சொன்னபோது, "பேரைக் குடுத்துரு" என்றார்.

"சின்னப் பிள்ளைய ஆடுத எடத்துல நீங்க போய் என்ன செய்யப் போறிய?" என்றாள் பூமாரி.

"வண்டி ஓட்டப் போறேன்."

சென்டரை நடத்துகிறவன் மாதுங்காத் தமிழன், ஷ்ரவண். அங்கே ஒரே ஒரு டிவியோடு நிற்கவில்லை. மூன்று கேம் பெட்டிகளைப் பிணைத்து, ஒவ்வொரு ஸ்டியரிங்குக்கும் மூன்று திரை வைத்திருந்தான்: நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் ஆளைச் சுற்றி வளைத்தாற்போல் இரண்டு. கணேசபாண்டியன் உட்கார்ந்தார். இடப்பக்கத் திரையில் பாதி அவர் மூக்குக்கு அந்தப் பக்கம் மறைந்துபோயிருந்தது.

போட்டி தொடங்கி முதல் வளைவிலேயே அது நடந்தது. இடது பக்கம் யாரும் இல்லை என்று நினைத்து ஸ்டியரிங்கை ஒடித்தார். அங்கே ஒரு நீலக் கார் இருந்தது. இரண்டும் சுழன்று மணலில் போய் நின்றன. கடைசியாக வந்தார்.

நீலக் காரை ஓட்டியவள் மானசா. செம்பூரிலேயே பாங்க் ஒன்றில் வேலை பார்க்கிறவள். எழுந்து நேராக அவரிடம் வந்தாள். "அங்கிள், ஸைட் பாக்கவே மாட்டேளா? முழு ரேஸும் போச்சு!"

"தப்பு என் மேலதாம்மா. அந்தப் பக்கம் எனக்குக் கண்ணு கெடையாது."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் சட்டென்று வடிந்தது. கேட்டுக்கொண்டிருந்த ஷ்ரவண், "அண்ணா, அடுத்த தடவை உங்களுக்கு மட்டும் ஒரே ஸ்கிரீன் வெச்சுத் தரட்டுமா?" என்றான்.

"வேண்டாம் தம்பி. எல்லாரும் ஓட்டுததுலயே ஓட்டுதேன்."

திரும்பி வரும்போது ரயிலில் வேல்ராஜ் ஆறுதலாக ஏதோ தொடங்கினான். அவர் கேட்கவில்லை. ஜன்னலோரம் நின்று தலையை இடது பக்கம் வெடுக்கென்று திருப்புவதும் நேரே பார்ப்பதுமாக இருந்தார். எதிரே நின்றவர் விலகிப் போனார்.

மறுநாள் காலை, காய் நறுக்க உட்கார்ந்த பூமாரியைத் தனக்கு இடது பக்கம் வந்து உட்காரச் சொன்னார்.

"நான் ஓட்டிக்கிட்டே இருப்பேன். நீ திடீர்னு ஒரு காயத் தூக்கிக் காட்டு. என்ன காயின்னு நான் சொல்லணும்."

"ஒங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டா?"

"காட்டுட்டி."

அவள் 'ம்' என்றதும் கழுத்தைத் திருப்பி, பார்த்து, பாதைக்குத் திரும்ப வேண்டும். முதல் வாரம் வெண்டைக்காயைச் சொன்னால் கார் மரத்தில் மோதியது. காரைக் காப்பாற்றினால் காய் தெரியவில்லை. பூமாரிக்கே பிறகு வீம்பு வந்துவிட்டது. 'ம்' சொல்வதை நிறுத்தினாள். சத்தமில்லாமல் தூக்கிக் காட்டிவிட்டு, "இப்ப என்ன காட்டுனேன்?" என்று கேட்பாள். அவர் விழித்தால், "ஒரு லாரியே போயிருச்சு, பாக்கலியே" என்பாள். அதன் பிறகு அவர் யாரும் சொல்லாமலே, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கழுத்தைத் திருப்பப் பழகினார். ராத்திரி கழுத்து வலிக்கும். தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே பூமாரி மறுநாளைக்கு என்ன காய் என்று யோசிப்பாள்.

அடுத்த போட்டிக்கு அவளும் வந்தாள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, திரைகளின் நீல வெளிச்சத்தில் நிமிர்ந்து நின்றிருந்தாள். முதல் சுற்றில் மானசாவும் கணேசபாண்டியனும் மறுபடியும் ஒரே ரேஸில் அமைந்தார்கள். பாதி தூரத்தில் அவள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டாள். நேர்ப்பாதை முடியும் இடத்தில் அவர் கழுத்தைத் திருப்பினார். நீலக் கார் இடது பக்கம் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது.

ஒடிக்கவில்லை. ஒரு கார் போகிற அளவு இடம் விட்டார், அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட விடவில்லை. இரண்டு கார்களும் கண்ணாடியோடு கண்ணாடி உரசாமல் அந்த வளைவை எடுத்தன, அடுத்ததையும் எடுத்தன. மூன்றாவதில் உள்பக்கம் அவருக்குக் கிடைத்தது. பிரேக்கை ஒரு நொடி தள்ளிப் போட்டு மிதித்து முன்னால் போய்விட்டார்.

இறுதிச் சுற்றுக்கும் போனார். அதில் ஜெயிக்கவில்லை, இளவட்டங்களின் வேகம் வேறு. நான்காவதாக வந்தார். ஆனால் யாரையும் இடிக்கவில்லை, யாரும் அவரை இடிக்கும்படியும் விடவில்லை.

மானசா வந்து கைகொடுத்தாள். "அந்த கார்னர்ல நான் இருக்கேன்னு எப்படித் தெரிஞ்சுது அங்கிள்?"

"பாத்தேன்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

பூமாரி ஷ்ரவணிடம் போய் விசாரித்துக்கொண்டிருந்தாள். "அடுத்த மாசம் என்னைக்கு தம்பி?"

"மொத ஞாயிறு. கேம்ல மழைய வெச்சு ஓட்டற ரேஸ் அக்கா. ரொம்ப வழுக்கும்."

அவள் அதைக் கணவரிடம் வந்து சொன்னாள். கணேசபாண்டியன் தலையாட்டினார். "நாளைக்குக் காலம்பற மழையப் போட்டுப் பாத்துருவோம்" என்று சொல்லிவிட்டு, வாசல் படிகளில் யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார்.