டாக்டரம்மா கேட்ட கேள்வி

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, புனே பிம்ப்ரியில் நான் மூட்டை தூக்கிய காலத்தில் பார்த்த குழந்தைகள் டாக்டர் அவர். நரைத்த கிராப், தட்டுத் தடுமாறிய தமிழ். தடுப்பூசிக்கு வந்த குழந்தையானாலும் மின்விசிறியை நிறுத்தி, கண்ணை மூடி, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார்.

என் மகளுக்கும் அப்படித்தான் பார்த்தார். பிறகு, "அச்சா, உங்க வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு போயிருக்காங்களா?" என்றார்.

"எங்கண்ணன், டாக்டரம்மா. கிணத்துல மூழ்கிட்டான்."

"ஸ்விம்மிங் வராதா?"

"மீனாட்டம் நீந்துவான்."

"அப்ப எப்படி மூழ்குவாரு?"

அன்றே மகளுக்கு ஈசிஜி எடுக்கவைத்தார். இதயத் துடிப்பில் பிறவிக் கோளாறு. மாத்திரையில் நன்றாக இருக்கிறாள். நீந்தும்போதே துடிப்பு தப்பி, அண்ணனையும் அதுவே கொண்டுபோயிருக்கலாம் என்றார்.

முகம்கூடப் பார்க்காதவனைப் பற்றி அவர் கேட்டதை எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கிணற்றின்மேல் பழி போட்டு, அதை மண்ணள்ளி மூடிவிட்டோம்.