ஆசிட் பம்புக்கு நான் தேர்ந்தெடுத்த குழாய்

வாரத்தில் மூன்று நாள் அக்காவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன். மைசூர் அக்ரஹாரத்திலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம். அதன் பிறகு நான்கு மணி நேரம் அவள் படுக்கையில், நான் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில். முதல் சில நாட்கள் கையில் ஏதாவது வாரப் பத்திரிகை வைத்திருந்தேன். இப்போது அதுவும் இல்லை. மெஷினின் முகப்பில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டம் சுற்றுகிறது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த வட்டத்தில் இரண்டு உருளைகள். அவை ஒரு குழாயை அழுத்திக்கொண்டே போக, உள்ளே இருக்கும் ரத்தம் முன்னால் தள்ளப்படுகிறது. சோறு நம் தொண்டையில் இறங்குவதும் இப்படித்தான். ரத்தம் பம்பைத் தொடுவதே இல்லை, குழாயை மட்டுமே தொடுகிறது. அதனால் குழாயை மாற்றினால் போதும், பம்பைக் கழுவ வேண்டியதில்லை.

"என்னைப் பாக்க வந்தியா, மிஷினப் பாக்க வந்தியாடி?" என்றாள் அக்கா போன வாரம்.

"சும்னே பாத்துட்டிருக்கேன்" என்றேன். சும்னே என்பது கன்னடம். மைசூரில் பிறந்த எங்கள் தமிழ் இப்படித்தான் வரும், நீங்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நர்ஸ் புதுக் குழாயின் உறையைக் கிழித்தபோது ஒரு வாசனை வந்தது. புது மழைக்கோட்டைப் பிரிக்கும்போது வருமே, அந்த மாதிரி. அந்த வாசனையோடு நான் நஞ்சன்கூட்டுக்குப் போய்விட்டேன். இருபத்துமூன்று வயதில், என் முதல் வேலைக்கு.

காலையில் சாமராஜநகர் பாசஞ்சரில் ஏறி நஞ்சன்கூட்டில் இறங்கி, அங்கிருந்து கம்பெனி வேன். மக்காச்சோள மாவிலிருந்து குளுக்கோஸ் பாகு காய்ச்சும் சின்ன ஆலை அது. வேன் வளைவு திரும்பும்போதே வெந்த சோளத்தின் இனிப்பு வாடை வந்துவிடும். முதல் வாரம் பசியைக் கிளப்பிய அந்த வாடை, இரண்டாவது வாரம் பசியைக் கொன்றுவிட்டது. எங்கள் அப்பா சேலம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு மைசூர் வந்தவர். வீட்டில் முதலில் டிப்ளமோ படித்தவள் நான். கெமிக்கல் இன்ஜினீயரிங். உற்பத்திப் பகுதியில் இருந்த ஒரே பெண்ணும் நான்தான். எல்லோரும் 'மேடம்' என்று கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லுக்குத் தகுந்த மாதிரி இருக்க வேண்டும் என்று நிமிர்ந்து நடந்து நடந்தே எனக்குக் கழுத்து வலி வந்தது.

மாவுக் கரைசலில் ஹைட்ரோகுளோரிக் ஆசிடைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். கூடினால் பாகு கறுத்துவிடும், குறைந்தால் மாவு மாவாகவே நிற்கும். அந்த வேலையைப் பார்த்தவர் மாதப்பன். ஹனூர் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, காக்கிச் சட்டையின் மேல் பொத்தானை எப்போதும் போட்டிருப்பார். பழைய பம்பின் வால்வுகளை ஆசிட் தின்றுவிட்டிருந்தது. அதனால் அவர் ஒரு பிளாஸ்டிக் குவளையில் ஆசிடை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கையால் ஊற்றுவார். ஆசிட் அளவு காட்டும் காகிதத்தை நனைத்து நிறம் பார்ப்பார். திரும்பவும் ஊற்றுவார்.

மேனேஜர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். கையால் ஊற்றுவதை நிறுத்த வேண்டும், ஒரு நல்ல பம்பைத் தேர்ந்தெடுங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பெயர் போட்டு வந்த முதல் பொறுப்பு அது.

உருளை வைத்த பம்புதான் என்று உடனே முடிவு செய்தேன். ஆசிட் தொடுவது குழாயை மட்டும், உலோகம் எதையும் தொடாது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அப்படி ஒன்று இருந்தது, சிலிக்கோன் குழாய் போட்டு நாள் முழுவதும் ஓடும். மணிக்கு எத்தனை லிட்டர் வேண்டும், அதற்கு எந்த அளவுக் குழாய், என்ன வேகம் என்று நான்கு பக்கத்துக்கு எழுதினேன். தலைப்புகளுக்குச் சிவப்பு மை, அடிக்கோட்டுக்குப் பச்சை மை. நான்கு கம்பெனிகளின் கேட்லாகுகளை வரவழைத்தேன். ஒவ்வொன்றிலும் எந்தக் குழாய் எந்தத் திரவத்துக்குத் தாங்கும் என்று நீளமான அட்டவணை இருந்தது. அதைப் பார்த்து, விரல் வைத்து, டிக் போட்டேன்.

விற்பனைக்காரர் வந்து பம்பை ஓட்டிக் காட்டினார். ஒரு பக்கெட்டில் தண்ணீர், இன்னொரு காலி பக்கெட். உருளைகள் சுற்ற, குழாய் வழியே தண்ணீர் விட்டுவிட்டு, அழகாக, அளவாக வந்து விழுந்தது. எல்லோரும் கூடி நின்று பார்த்தோம்.

மாதப்பன் குழாயை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். "ஏனுங் மேடம், தண்ணிக்குச் சரிங்க. ஆசிட விட்டு ஒருக்கா ஓட்டிப் பாத்தா என்னங்க?"

"கேட்லாக்ல போட்டிருக்கு மாதப்பன். தாங்கும்."

"அப்பச் சரிங்க" என்று விலகி நின்றார்.

என்னைவிட இருபது வயது மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மேடத்துக்கான லட்சணம் என்று அன்றைக்கு நினைத்திருந்தேன். அவர் கேட்டதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. நான்கு பக்கம் எழுதியவள் நானா அவரா?

பம்பு நன்றாகத்தான் ஓடியது. பாகு தெளிவாக வந்தது. மேனேஜர் இரண்டு முறை என்னைப் பார்த்துச் சிரித்தார். மூன்றாவது வாரம் ஒரு காலைப் பொழுதில், நான் ஆய்வறையில் இருந்தபோது, வெளியே யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. மேடம் என்று இல்லை, என் பெயரை.

குழாய் வெடித்திருந்தது. அருகில் குனிந்து அளவு பார்த்துக்கொண்டிருந்த மாதப்பனின் முகத்திலும் கழுத்திலும் ஆசிட் தெறித்திருந்தது. இரண்டு பேர் அவர் தலையைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கத்தவில்லை. தண்ணீர் வாய்க்குள் போகப் போகத் துப்பிக்கொண்டு, "இன்னும் விடுங்க, இன்னும் விடுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பாதுகாப்புக் கண்ணாடி அவர் நெற்றியில் ஏறியிருந்தது. அந்தக் கூடத்தின் ஆவியில் கண்ணாடி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மங்கிப் போகும். அளவு பார்க்க எல்லோரும் அதை மேலே தூக்குவார்கள்.

அவரை மைசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு நான் கேட்லாகை எடுத்தேன். ஹைட்ரோகுளோரிக் ஆசிடுக்கு அந்த அட்டவணையில் இரண்டு வரிகள் இருந்தன. மேல் வரி நீர்த்த ஆசிடுக்கு. சிலிக்கோனுக்கு நேரே 'ஏற்றது' என்றிருந்தது, என் டிக்கும் அங்கேதான் இருந்தது. கீழ் வரி அடர் ஆசிடுக்கு. நாங்கள் பயன்படுத்தியது அதைத்தான். அங்கே 'ஏற்றதல்ல' என்றிருந்தது.

வெகுநேரம் அந்தப் பக்கத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மேனேஜர் அறிக்கை கேட்டார். ஆபரேட்டர் கண்ணாடி அணியவில்லை என்பதை மட்டும் எழுதுங்கள், அது பொய்யில்லையே, உங்களுக்கும் நல்லது என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். எனக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார். நானும் எழுதினேன். அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. அரைப் பக்கம், ஒரே நிற மையில். மேலே அனுப்பாமல் பையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மாதப்பனுக்கு இரண்டு கண்களிலும் கட்டு. அவர் மனைவி ரத்தினம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, பிளாஸ்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கப் போனார். அவர் நிறைய அழுதிருந்தது கண்ணில் தெரிந்தது.

"கண்ணாடிய நான்தானுங் மேடம் மேல தூக்கி வெச்சிருந்தேன்" என்றார் மாதப்பன், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.

ரத்தினம்மா திரும்பி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். "கேட்லாக்ல ஆசிடுக்கு ரெண்டு வரி இருந்ததுங்கண்ணா. நான் மேல் வரிய மட்டும் பாத்துட்டேன்."

அண்ணா என்று அவரைக் கூப்பிட்டது அன்றுதான் முதல் முறை.

அவர் கட்டுப்போட்ட முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினார். "எழுத்து சின்னதா இருந்துச்சுங்களா?"

"இல்ல. ரெண்டும் ஒரே அளவுதான்."

வராந்தாவில் தள்ளுவண்டி போகும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "சரிங்க. அடுத்த பம்பு வாங்கறப்ப என்னையுங் கூப்புடுங்க."

அன்று வீட்டுக்குப் போய் அறிக்கையைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். ஆவியில் கண்ணாடி மங்குவதை எழுதினேன். குழாய் தவறானது, தேர்ந்தெடுத்தவள் நான், ஆசிடை விட்டுச் சோதித்துப் பார்க்கலாம் என்று ஆபரேட்டர் கேட்டார், நான் மறுத்தேன் என்றும் எழுதினேன். மேனேஜர் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். என் வேலை நிரந்தரமாவது இன்னொரு வருஷம் தள்ளிப்போனது. மாதப்பனின் வேலை போகவில்லை, சிகிச்சையைக் கம்பெனியே பார்த்துக்கொண்டது. வலது கண் தப்பியது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

இரண்டு மாதம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பிய பிறகுதான் அடுத்த பம்பை வாங்கினோம். அவசரப்படவில்லை. ஐந்து வகைக் குழாய்களில் ஒவ்வொரு துண்டு வெட்டி, காலி ஊறுகாய் பாட்டில்களில் எங்கள் ஆசிடையே ஊற்றி ஊறப்போட்டோம். மாதப்பன் கன்னடத்தில் சீட்டு எழுதி ஒட்டினார். வாரம் ஒருமுறை எடுத்துக் கழுவி, துடைத்து, எடை போட்டு, வளைத்துப் பார்ப்போம். ஒன்று ஊதிப் பெருத்தது. ஒன்று கொழகொழத்தது. சிலிக்கோன் துண்டை அவர் கையில் எடுத்து வளைத்தார். சாக்பீஸ் மாதிரி உடைந்தது. "இதானுங்களா" என்றார். நான் தலையாட்டினேன். இரண்டு துண்டையும் திரும்பவும் பாட்டிலில் போட்டு மூடினார்.

என் நான்கு பக்கத்தில் இல்லாத கேள்விகளை அவர்தான் கேட்டார். ஷிப்ட் மாறும்போது ஆசிட் வெளியேறும் பக்கத்து வால்வை யாராவது மூடிவிட்டால் பம்பு என்ன செய்யும்? தள்ளிக்கொண்டேதான் இருக்கும், குழாய் தாங்காது. மத்தியானம் ஜன்னல் வெயில் குழாயின் மேல் விழுகிறதே, அது ஆகுமா? ஆகாது. வெடித்தால் எந்தப் பக்கம் தெறிக்கும்? இந்தக் கேள்விக்கு அவரே குனிந்து நின்று, முகம் எந்த உயரத்தில் வரும் என்று காட்டினார்.

கடைசியில் ஆசிடுக்கு அசையாத தடித்த கறுப்புக் குழாய் ஒன்றை எடுத்தோம். பெரிய துளை, மெதுவான வேகம். மெதுவாகச் சுற்றினால் குழாய் அவ்வளவு அடிக்கடி நசுங்க வேண்டியதில்லை. பம்பை இடுப்புக்குக் கீழே இறக்கி, மூடி போட்ட பெட்டிக்குள் வைத்தோம். அழுத்தம் ஏறினால் தானே நின்றுவிடும் சுவிட்ச். குறிப்பிட்ட மணி நேரம் ஓடியதும் குழாயை மாற்றிவிட வேண்டும் என்று ஒரு விதி. நன்றாக இருக்கும் குழாயை எதற்குத் தூக்கிப் போடுவது என்று மேனேஜர் கேட்டார்.

"கெட்டப்புறம் மாத்தினதுக்கு இந்தக் கண்ணு ஒண்ணு போதுமுங்க" என்றார் மாதப்பன்.

விதி அப்படியே நின்றது. ஆலை இருந்தவரை அந்தப் பம்பு ஓடியது. யார் மேலும் ஒரு சொட்டு தெறிக்கவில்லை.

ஆலை இப்போது இல்லை. முதலாளிகள் மாறினார்கள், பிறகு இயந்திரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி விற்றார்கள். அந்த இடத்தில் இன்று பார்சல் கிடங்கு இருக்கிறது. மாதப்பன் ஓய்வுக்குப் பிறகு ஹனூருக்குப் போய் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். எப்போதாவது போன் செய்வார். போன வருஷம் அவர் மகளிடமிருந்து போன் வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள்.

பதினைந்தாம் நாள் ஹனூர் போனேன். ரத்தினம்மா முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். "உங்களப் பத்திப் பேசாத நாளில்லீங்க. நாந்தான் கண்ணாடி போடாம கண்ணக் கெடுத்துக்கிட்டேன், அந்தம்மா பாத்துப் பாத்து நல்ல பம்பா மாத்திக் குடுத்துச்சும்பாரு."

இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தும், நான் ஆஸ்பத்திரியில் சொன்னதை மாதப்பன் மனைவியிடம் சொல்லவில்லை. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். முடியவில்லை. முதல் குழாயைத் தேர்ந்தெடுத்தவள் நான் என்பதையும், அவர் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் ரத்தினம்மா காபி வாங்கப் போன நேரத்தில் நடந்த பேச்சையும் சொன்னேன்.

ரத்தினம்மாவின் கை நிற்கவில்லை. இன்னும் நாலைந்து காயை உரித்தார். பிறகு முறத்தைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாள் ஏசியிருக்கேன் தெரியுங்களா, கண்ணாடியப் போட்டுத் தொலைச்சிருந்தா என்னன்னு. கேட்டுட்டுச் சும்மா இருப்பாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீங்க சொல்லிட்டீங்க. இனி நான் யாருகிட்டப் போயிக் கேக்கறதுங்க, ஏன் சொல்லலைன்னு?"

காயில் பாதியை என் பக்கம் தள்ளினார். இருவரும் உரித்து முடித்தோம். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவரே ரோடு வரை வந்து ஏற்றிவிட்டார்.