முகத்துவாரம் வரை ஓடிய காலை

வெளியூர் போனால் விடியற்காலையில் ஓடுவதற்கு நல்ல வழி எது என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள். தங்கை மகள்கள் இருவரும் ஓடுகிறவர்கள். எந்த ஊருக்குப் போனாலும் காலையில் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்துதான் காப்பி குடிப்பார்கள். திருவள்ளூர் பக்கம் என்றால் மூன்று வழிகளை நான் சொல்வேன். மூன்றும் நான் பயந்து பயந்து ஓடியவை. அவை அழகான வழிகள் என்பதே பிற்பாடு யோசித்தபோதுதான் தெரிந்தது. ஓடும்போது பின்னால் யாராவது வருகிறார்களா என்பதில்தான் என் கவனமெல்லாம் இருந்தது.

அப்போது எழுபதுகளின் தொடக்கம். காசநோய்த் தடுப்பூசி போடும் குழுவில் எனக்குத் தற்காலிக வேலை. ஜீப்பில் ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவோம். என்னோடு வேலை பார்த்த இன்னொரு பெண்ணை அக்கா என்று கூப்பிடுவேன். எங்கள் இருவருக்கும் மேலே ஒரு சூப்பர்வைசர். பள்ளிக்கூடமோ, யார் வீட்டுத் தாழ்வாரமோ, கிடைத்த இடத்தில் நாங்கள் தங்குவோம்.

பள்ளி நாட்களில் பந்தயங்களில் ஓடியிருக்கிறேன். ஆனால் வேலைக்கு வந்த பிறகும் நான் ஓடியதற்குக் காரணம் வேறு. அப்பா திடீரென்று இறந்துபோனதிலிருந்து எனக்கு நெஞ்சு படபடப்பு வந்துவிட்டது. காரணமே இருக்காது. ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கை சில்லென்று ஆகும். ஓடிய நாளில் மட்டும் அது வராது. அதனால் மற்றவர்கள் எழுவதற்குள் புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவேன். உள்ளே தம்பியின் அரைக்கால்சட்டை, காலில் வெள்ளை கான்வாஸ் ஷூ. அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். "சூப்பர்வைசர் காதுல வுழுந்தா உன் வேலை பூடும்டி" என்று அவள் தினமும் பயமுறுத்துவாள்.

முதல் வழி, திருவள்ளூரிலிருந்து திருப்பாச்சூர் போகும் சாலை. இரண்டு பக்கமும் புளியமரங்கள், அவற்றுக்கு அப்பால் நெல்வயல். பனி இறங்கியிருக்கும் காலையில் கோபுரத்தின் தலை மட்டும் தனியாக மிதப்பது போலத் தெரியும். அங்கே ஓடிய முதல் நாளே வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஏறிவந்துவிட்டார்.

"எவம்மா தொரத்துறான்? எங்க அவன்?" என்று என் முதுகுக்குப் பின்னால் பார்த்துக் கத்தினார்.

யாரும் துரத்தவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டார் என்று பட்டது. "பஸ்ஸுக்குங்க" என்றேன்.

"பஸ்ஸு அந்தாண்டல்ல போவுது? நீ இந்தாண்ட ஓட்றியே!"

சட்டென்று திரும்பி, அவர் காட்டிய திசையிலேயே ஓடினேன். என்னைப் பத்திரமாக பஸ் ஏற்றிவிட வேண்டும் என்று அவரும் கொஞ்ச தூரம் மண்வெட்டியோடு கூடவே ஓடிவந்தார்.

இரண்டாவது பொதட்டூர்பேட்டை ஏரிக்கரை. தூரத்தில் மலை நீலமாகக் கிடக்கும். ஊருக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். தண்ணீர் நிறைந்த நாளில் அந்தக் கரையில் ஓடுவதற்கு ஈடு கிடையாது. அங்கே நான் ஒரு உபாயம் கண்டுபிடித்தேன். கையில் ஒரு சொம்பு. விடியற்காலையில் சொம்போடு போகும் பெண்ணை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. ஓடினால் வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டு வழிவிடுவார்கள். ஒரு கிழவி மட்டும் மனமிரங்கி, "ஓமத் தண்ணி குடிம்மா, கேட்டுரும்" என்றாள். மானம் போயிற்று. ஆனாலும் நிம்மதியாக ஓடினேன். நாய்களுக்குத்தான் சொம்பு ஒன்றும் புரியவில்லை.

மூன்றாவது வழிதான் பழவேற்காட்டுக் கரை. அதைச் சொல்ல ஆரம்பித்தால் இன்றும் என் உள்ளங்கை வியர்க்கிறது.

கும்மிடிப்பூண்டியில் முகாம் போட்டிருந்தோம். தொழிற்பேட்டை வரப்போகிறது என்று அங்கே நிலத்தை அளந்து கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியாள் யார் போனாலும் நிலத்தை எடுக்க வந்தவர்களா என்று சந்தேகமாகப் பார்த்த நேரம். அங்கே நான் ஓடவே இல்லை. ஒரு வாரம் ஓடாமல் இருந்ததில் படபடப்பு கூடிவிட்டது. அதனால் பழவேற்காட்டு ஏரிக்கு அக்கரையில் இருக்கும் மீனவர் குப்பத்துக்குப் போகவேண்டும் என்று சூப்பர்வைசர் சொன்னபோது எனக்குள் சந்தோஷம். அவர் பழவேற்காட்டிலேயே தங்கிவிட்டார். அக்காவும் நானும் மட்டும் படகில் போனோம்.

அந்தக் குப்பம் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே, நீண்ட மணல் திட்டின் மேல் இருந்தது. ஒரு பக்கம் அலை, மறுபக்கம் ஆடாத தண்ணீர். அதில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். தெற்கே போனால் ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரம். அலை நனைத்துவிட்டுப் போன மணல் பாதத்துக்கு அவ்வளவு வாகாக இருந்தது. அதைப் பார்த்ததுமே மறுநாள் காலை இதில்தான் ஓட்டம் என்று முடிவு செய்துவிட்டேன்.

எங்களைத் தன் வீட்டில் தங்கவைத்தவள் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். பனையோலைக் கூரை போட்ட ஒற்றை அறை. இடுப்பில் ஒரு குழந்தை. புருஷன் மற்ற ஆட்களோடு அன்று அதிகாலையே கட்டுமரத்தில் போயிருந்தான். மத்தியானம் நாங்கள் குழந்தைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது வாடைக்காற்று கிளம்பியது. கூரை ஓலைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. பெண்கள் ஒவ்வொருவராக வரிசையை விட்டுக் கடற்கரைக்குப் போனார்கள். சாயங்காலம் வரவேண்டிய கட்டுமரங்கள் வரவில்லை.

அன்றிரவு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. விடிவதற்கு முன் நான் எழுந்து வெளியே வந்தபோது பெண்களெல்லாம் மணலில் முக்காடிட்டு உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரியும் அங்கேதான் இருந்தாள். கரையில் நின்ற பெரியவர் ஒருவர், "மொகத்துவாரத்தாண்ட ஒதுங்கியிருப்பானுங்க. காத்து அந்தாண்டதான் தள்ளியிருக்கும். வெளிச்சம் வரட்டும், ஆளு அனுப்புறேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்தப் பெண்களின் நடுவே போய் உட்கார என்னால் முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் வீட்டின் பின்பக்கமாக இறங்கித் தெற்கே ஓட ஆரம்பித்தேன். காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. கொஞ்ச நேரத்தில் கிழக்கே வெளுத்தது. ஏரியில் நாரைகள் ஒன்றிரண்டாக அசையத் தொடங்கின. நான் பார்த்த காலைகளிலேயே அழகான காலை அதுதான் என்று இப்போது சொல்கிறேன். அப்போது அலையில் உருண்டுவரும் ஒவ்வொரு கட்டையையும் பார்த்து, இது எதிலிருந்து உடைந்தது என்று பதறிக்கொண்டே ஓடினேன்.

முகத்துவாரம் தெரிய ஆரம்பித்த இடத்தில், மணலில் கட்டுமரங்கள் தாறுமாறாகக் கிடந்தன. அவற்றின் பக்கத்தில் மனிதர்கள் கிடந்தார்கள். யாரும் அசையவில்லை.

என் கால்கள் தாமாக நின்றுவிட்டன. கிட்டே போகவும் தைரியமில்லை, திரும்பவும் தைரியமில்லை. அப்பாவை அந்தக் காலையில் எழுப்பப் போனபோது நின்ற மாதிரியே நின்றேன். அப்புறம் ஒருவன் கையைத் தூக்கித் தொடையைச் சொறிந்துகொண்டான். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன்.

சத்தம் கேட்டு எழுந்தவன் எங்களைத் தங்கவைத்தவளின் புருஷன்; அவள் குழந்தைக்கு அப்படியே அந்த முகம். உதடெல்லாம் உப்புப் பூத்திருந்தது. "யாரும்மா நீ?" என்றான்.

"ஊசி போட வந்தவங்க. உங்க ஊட்லதான் தங்கியிருக்கோம்."

"ராவெல்லாம் தண்ணியில கெடந்து இப்பதான் கரை ஏறுனோம். நடக்க முடியல, அப்டியே வுழுந்துட்டோம். எல்லாரும் உசுரோட கீறோம். ஊட்ல பயந்துகினு இருப்பாளுங்கோ, போய் சொல்லும்மா. கஞ்சி எடுத்தாரச் சொல்லு."

சொல்லி முடிப்பதற்குள் நான் திரும்பிவிட்டேன். எந்தப் பந்தயத்திலும் அப்படி ஓடியதில்லை. இப்போது காற்று முகத்தில் அறைந்தது. மணல் கண்ணில் விழுந்தது. நல்ல செய்தியை எடுத்துக்கொண்டு போகிறோம் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு. என் ஓட்டம் பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

குப்பம் தெரிந்ததும் கையை ஆட்டிக் கத்தினேன். "வந்துட்டாங்க! வந்துட்டாங்க!" காற்று அதைப் பிடுங்கி எனக்குப் பின்னால் எறிந்தது. தூரத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். தலைவிரிகோலமாக, தெற்கேயிருந்து ஒரு பெண் கையை வீசிக்கொண்டு ஓடிவருகிறாள். அவர்களுக்கு வேறென்ன தோன்றும்? முதல் ஒப்பாரிக் குரல் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் எல்லோரும் மார்பில் அடித்துக்கொண்டு என்னை நோக்கி வந்துவிட்டார்கள்.

அவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டபோது என்னால் பேச முடியவில்லை. மூச்சு இல்லை. வாய் திறக்கிறது, குரல் வரவில்லை. ஒருத்தி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லுடி! யாரு? எத்தினி பேரு?" நான் தலையை ஆட்டினேன். இல்லை, அப்படி ஒன்றும் இல்லை என்ற அர்த்தத்தில். அவர்கள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். அழுகை இன்னும் உயர்ந்தது.

"படுத்து... படுத்துக்குனு இருக்காங்க" என்றேன் ஒருவழியாக.

அதைவிட மோசமான வார்த்தையை நான் தேடிப் பிடித்திருக்க முடியாது. வீட்டுக்காரி குழந்தையை, சத்தம் கேட்டு வந்திருந்த அக்காவின் கையில் திணித்துவிட்டுக் கடலைப் பார்த்து ஓடினாள். நான் பின்னாலேயே போய், இடுப்பளவு தண்ணீரில் அவள் புடவையைப் பிடித்தேன். ஒரு அலை வந்து இரண்டு பேரையும் புரட்டியது. உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு அவள் காதருகே கத்தினேன்.

"கஞ்சி கேக்குறாரு! உன் புருஷன் கஞ்சி கேக்குறாரு!"

அவள் அப்படியே நின்றாள். தண்ணீர் வழியும் முகத்தோடு என்னைப் பார்த்தாள். "இன்னா சொன்ன?"

"பசிக்குதாம். கஞ்சி எடுத்தாரச் சொன்னாரு. எல்லாரும் நல்லா இருக்காங்க."

கஞ்சி என்ற அந்த ஒரு சொல்தான் வேலை செய்தது. கரையில் நின்றவர்களுக்கு அது எட்டியதும் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு யாரோ சிரித்தார்கள். யாரோ மறுபடி அழுதார்கள். கொஞ்ச நேரத்தில் வீடு வீடாக அடுப்புப் புகை எழுந்தது. பானைகளைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லோரும் தெற்கே போனார்கள். அந்தப் பெரியவர் மட்டும் போகிற போக்கில் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "நல்லா பேஜாரு பண்ணிட்டம்மா நீயி!"

அன்று மீதி ஊசிகளை அக்காதான் போட்டாள். நான் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசரிடம் யாராவது சொல்லிவிடுவார்கள் என்று ஒரு பயம். அந்தப் பெண் இன்னும் ஒரு அலை உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதைவிடப் பெரிய பயம். சாயங்காலம் அவளிடம் போய், "நான் ஓடியிருக்கக் கூடாது" என்றேன்.

அவள் மீனைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். புருஷன் உள்ளே குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். "நீ எதுக்கு ஓட்ற?" என்று கேட்டாள்.

அதுவரை அக்காவிடம்கூடச் சொல்லாததை அவளிடம் சொன்னேன். அப்பா, படபடப்பு, சில்லென்று ஆகும் கை. அவள் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கும்தான் அப்டி இருக்குது, தெனமும். கட்டுமரம் போனதுலேர்ந்து வர்ற வரிக்கும். நீ ஓட்ற, நான் குந்திக்குனு கெடக்குறேன்." கையை உதறிவிட்டு எழுந்தாள். "போவும்போது எவ்ளோ வேணா ஓடு. திரும்ப வரும்போது மட்டும் நடந்து வா. ஓடியாரவளப் பாத்தா இங்க கொல நடுங்கிப் பூடும்."

நாங்கள் இன்னும் ஒரு நாள் அங்கே இருந்தோம். இனி அந்தப் பக்கமே போவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் விடியற்காலையில் அவளே வந்து என் காலைத் தட்டி எழுப்பினாள். "போவலியா?"

போனேன். காற்று அடங்கியிருந்தது. கட்டுமரங்கள் கிடந்த இடத்தில், கஞ்சியைச் சூடாக்க மூட்டிய அடுப்பின் கரி மட்டும் மிச்சம். முகத்துவாரத்தில் ஏரித் தண்ணீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பும்போது குப்பம் தெரியத் தொடங்கியதும் ஓட்டத்தை நிறுத்தி நடந்தேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் நடந்துதான் வருகிறேன் என்று தெரிந்ததும் குனிந்து வேலையைத் தொடர்ந்தார்கள்.