கம்பவுண்டர் வைத்த புதினா சூப்

கம்பவுண்டருக்கு வேலை போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை. அவர் மருந்து கலக்கிக் கொடுத்த கிளினிக் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. டாக்டர் காலமானதும் கட்டடத்துக்காரர் அலமாரிகளைக் கழற்றி விற்றுவிட்டார். ஆனாலும் தெருவில் பார்ப்பவர்கள், "கம்பவுண்டர் சார், சௌக்கியமா?" என்றுதான் கேட்கிறார்கள். சின்ன வயதில் அவருடைய ரோஸ் நிற மிக்ஸ்சரைக் குடித்து முகம் சுளித்தவர்கள் இன்று வழுக்கைத் தலையோடு திரிகிறார்கள்.

அந்த மிக்ஸ்சரைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அளவு கிளாஸைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். ஒரு சொட்டு கூடினாலும் திரும்ப ஊற்றிவிடுவார். வடிதாளில் வடிகட்டி, பாட்டிலில் நிரப்பி, ஓரத்தைப் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒன்றை அதன்மேல் ஒட்டிக் கொடுப்பார். வேளைக்கு ஒரு பல். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதைப் பார்த்து மருந்து குடித்துவிடுவார்கள். பட்டை வெட்டுவதில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது அவருடைய எண்ணம். உண்மையில் அதற்குப் போட்டி போடவும் யாரும் வரவில்லை.

கிளினிக்குக்கு மேலேயே வீடு. அங்கே அவர் மனைவி வேறொரு கடை நடத்திக்கொண்டிருந்தாள். காசு வாங்காத கடை. மருந்து வந்து இறங்கிய தகர டப்பா, கைப்பிடி உடைந்த வாளி, ஓட்டை விழுந்த பாத்திரம் எதையும் அவள் தூக்கிப்போட விடமாட்டாள். எல்லாவற்றிலும் மண்ணை நிரப்பி, புதினா, துளசி, கற்பூரவல்லி, கொத்தமல்லி, எலுமிச்சைப்புல் என்று பால்கனியில் கால் வைக்க இடமில்லாமல் வளர்த்திருந்தாள். கீழே மருந்து வாங்கியவர்களில் பாதிப்பேர் நேராக வீட்டுக்குப் போகாமல் மாடி ஏறுவார்கள். பிள்ளைக்குச் சளி என்றால் கற்பூரவல்லி இலையை அனலில் வாட்டி, பிழிந்து, தேன் விட்டுக் கொடுப்பாள். வயிறு உப்பிக்கிடக்கிறது என்று வந்தால் புதினா போட்ட வெந்நீர். தொண்டை கட்டினால் துளசியும் இஞ்சியும். தூக்கம் பிடிக்காதவருக்கு எலுமிச்சைப்புல் டீ. ஒரு நோயும் இல்லாமல் வருபவர்களுக்குக் கொத்தமல்லி ஒரு கைப்பிடியும், அரட்டை வேண்டிய மட்டும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மாடியேறும்போதெல்லாம் கம்பவுண்டர் சீண்டுவார்.

"உன் ஆஸ்பத்திரில இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தியோ?"

"எல்லாரும் உங்க மருந்தக் குடிச்சுட்டு வாய் கசக்குதுன்னு வந்தவங்கதான்" என்பாள்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவார். தட்டில் இருப்பதும் அதே செடிகள்தான். முட்டையில் புதினா, மீன் வெந்த சாற்றில் எலுமிச்சைப்புல், தயிரில் கொத்தமல்லி. இலை தழையில் என்ன இருக்கிறது என்று கீழே பேசிய மனிதர், மேலே இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இறங்குவார். ஈர மண் வாசனையும் இலை வாசனையுமாக அந்தப் பால்கனிக் கதவு திறந்து கிடந்த மத்தியானங்களை இப்போது நினைத்தால் அவருக்கு, இருந்தபோது அதன் அருமை தெரியவில்லையே என்று தன்மேலேயே எரிச்சலாக வரும்.

ஏனென்றால் அவள் இப்போது கட்டிலோடு கிடந்தாள். பெரிய காய்ச்சல் ஒன்று வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். காய்ச்சல் போகிறபோது வாசனையையும் ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எதைக் கொடுத்தாலும் ஒரு வாய் வாங்கி, தட்டைத் தள்ளிவிடுவாள்.

"மண்ணத் திங்கற மாதிரி இருக்குங்க. வேண்டாம்."

லீவு போட்டு வந்து பார்த்துக்கொண்ட மகள், கெஞ்சியும் திட்டியும் பார்த்துவிட்டு அழுதுகொண்டே வேலைக்குத் திரும்பினாள். ஆஸ்பத்திரி டாக்டர் சின்ன வயதுக்காரர், நல்ல மாதிரி. அவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"இந்த வாரத்துக்குள்ள அவங்களா சாப்பிட ஆரம்பிக்கலன்னா, மறுபடியும் மூக்கு வழியா ட்யூப் போட வேண்டியிருக்கும் சார்."

போன தடவை ட்யூப் போட்டபோது அவள் பிடுங்கி எறியப் பார்த்தாள். அவள் இரண்டு கையையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டவர் கம்பவுண்டர்தான். அப்போது அவள் அவரைப் பார்த்த பார்வையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு தடவை அந்தக் கையைப் பிடிக்க அவரால் முடியாது.

பாலும் ரொட்டியும் கஞ்சியும் தோற்றுப்போன ஒரு காலையில் அவர் பால்கனிக் கதவைத் திறந்தார். தண்ணீர் ஊற்றக்கூடத் தோன்றாமல் விட்டிருந்ததில் துளசி குச்சியாகியிருந்தது. கொத்தமல்லி ஓரத்தில் கொஞ்சம் பச்சை காட்டியது. புதினாவும் கற்பூரவல்லியும் மட்டும் எதற்கும் அசையாமல் மண்டிக் கிடந்தன. நன்றாக இருந்த காலத்தில் அவளுக்கு உடம்பு சரியில்லை என்றால், உருளைக்கிழங்கும் இந்த இலைகளும் போட்டுத் தானே ஒரு சூப் வைத்துக் குடிப்பாள். அது அவருக்கு ஞாபகம் வந்தது. எப்படி வைத்தாள் என்பது ஞாபகம் வரவில்லை, பார்த்திருந்தால்தானே வருவதற்கு.

அதனால் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். பரணிலிருந்து பழைய தராசை எடுத்து இலைகளை நிறுத்தார். மருந்து அரைக்கும் பீங்கான் கல்வத்தில் இஞ்சியை நசுக்கினார். எல்லாம் வெந்ததும் கடைந்து, வடிதாளில் ஊற்றி, சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை காத்திருந்தார். கலங்கல் இருக்கிறதென்று இன்னொரு தடவை வடிகட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் பளிங்கு போல் இருந்தது. அதைப் பாட்டிலில் நிரப்பி, பட்டை வெட்டி ஒட்டினார். நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்க்கவில்லை. தான் கலக்கிய மருந்தை எந்தக் கம்பவுண்டர் ருசி பார்த்திருக்கிறார்?

மனைவி பாட்டிலைப் பார்த்தாள். பட்டையைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"புதினா சூப்."

"இதுவா சூப்பு? குலுக்கிட்டுக் குடிக்கணுமா?"

பல நாளைக்கப்புறம் அவள் கிண்டல் பண்ணியதே அவருக்கு அரை வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. ஸ்பூனில் ஊற்றிக் கொடுத்தார். ஒரு வாய் விழுங்கிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"வெந்நீர். வெறும் வெந்நீர்."

அவர் முகம் செத்துப்போயிற்று. அவள் வாயோரத்தைக் கையாலேயே துடைத்துவிட்டார். எழுந்திருக்கப் போனவரின் கையை அவள் பிடித்து நிறுத்தினாள். அந்த விரல்களை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். மறுபடியும் மோந்து பார்த்தாள்.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல. வடிகட்டின சக்கை. வழிச்சுப் போட்டேன், அதான்."

"கற்பூரவல்லி" என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, "புதினாவும்" என்றாள். "அந்தச் சக்கைய எங்க போட்டீங்க?"

"ஒரு கிண்ணத்துலதான் இருக்கு. அது எதுக்கு?"

"சத்தையெல்லாம் சக்கைன்னு தள்ளிட்டு தண்ணிய எனக்கு ஊத்துறீங்களா? கொண்டாங்க அத."

கிண்ணத்தைக் கொண்டுவந்தார். மசிந்த உருளைக்கிழங்கும் இலையுமாகப் பச்சைக் களிமண் போல இருந்ததை வெளியில் காட்டவே அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு ஸ்பூன் ஊட்டினார். அவள் மெல்ல ஆரம்பித்தாள். தட்டைத் தள்ளுகிற அந்தக் கை எப்போது எழும்பும் என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கை எழும்பவில்லை. விழுங்கினாள்.

"உப்பே போடல" என்றாள்.

பழைய வழக்கத்தில் அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "காலையிலேர்ந்து ஒத்த ஆளா நின்னு வச்சிருக்கேன். முதல் வாயிலயே குத்தமா? உனக்கு எப்பவும் உப்பு போடல, புளிப்பு போடலன்னு..." என்று வேகமாக ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

"உப்பு இல்லன்னு உனக்குத் தெரியுதா?"

"ஏன் தெரியாது? சப்புன்னு இருக்கு. எனக்கென்ன நாக்கா இல்ல?"

சொல்லிவிட்டுத்தான் அவளுக்கும் உறைத்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பவுண்டர் கிண்ணத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அவள் கொஞ்ச நேரம் அழவிட்டாள். பிறகு ஸ்பூனைத் தானே கையில் எடுத்துக்கொண்டாள்.

"உக்காந்து அழுதா உப்பு நடந்து வருமா? போய் எடுத்துட்டு வாங்க."

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். உப்பு ஜாடி கண்ணெதிரிலேயே இருந்தது. ஆனாலும் அது அவர் கண்ணுக்குத் தெரிய வெகு நேரம் ஆயிற்று.