தெருக்குத்து வீடு

ஒதியம்பட்டில் எங்கள் தெரு நேராகப் போய் முட்டுவது ஆதிலட்சுமி அக்காவின் வாசலில். இப்படித் தெரு வந்து மோதுகிற வீட்டைத் தெருக்குத்து என்பார்கள். குடியிருப்பவருக்கு ஆகாது என்று இனாமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். பரிகாரமாக மதில் மாடத்தில் ஒரு பிள்ளையாரை வைத்துவிட்டு அக்காவும் அவர் வீட்டுக்காரர் சிங்காரவேலுவும் கரும்பு போட்டுப் பிழைத்துவந்தார்கள்.

சுற்றியிருந்த கரும்புக் கொல்லைகள் மனைகளானபோது ஒரு வீட்டுக்கடன் கம்பெனி ஊருக்குள் நுழைந்தது. அதன் ஏஜெண்ட் தமிழ்க்குமரன் யாருடைய வருமானத்தையும் கேட்கவில்லை. மனை விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும், கட்ட முடியாவிட்டால் விற்றுவிடலாம் என்றார். மதிப்புப் போட வந்தவர் காரை விட்டு இறங்காமலே, சாலை நேராக வாசலுக்கு வருவது பெரிய வசதி என்று எழுதி விலையை உயர்த்தினார். அன்றைக்கு அக்கா பிள்ளையார் மேல் ஒரு புடவையைக் காயப்போட்டிருந்தார். கிடைத்த கடனில் மாடி எழும்பியது.

பிறகு மனைகளை வாங்க ஆளில்லை. விற்றுக் கட்டலாம் என்று நம்பிய பாதித் தெரு தவணையை நிறுத்தியது. பக்கத்து வீட்டு ரபீக் வீட்டை இழந்து வில்லியனூரில் வாடகைக்குப் போனார். ஆலையிலிருந்து கரும்புப் பணம் வராமல் தவணை நின்றதால் அடுத்தது அக்கா வீடு. மதிலில் சிவப்பு எழுத்தில் ஏல அறிவிப்பு வந்தது. எழுதியவர் உள்ளூர்க்காரர். சாமி மேல் படக்கூடாதென்று மாடத்தைச் சுற்றி எழுதியதால் ‘ஏலம்’ ஒரு பக்கமும் ‘விடப்படும்’ மறுபக்கமும் நின்றன.

சிங்காரவேலு சாப்பாட்டை ஒதுக்கினார். அக்கா பிள்ளையாரை மாடத்திலிருந்து எடுத்து, வாசலைப் பரிகாரமில்லாமல் விட்டு, உள்ளே எண்ணெய்க் குளியலுக்கு உட்காரவைத்தார்.

ஏலத்துக்கு முன் வீட்டைப் பார்க்கத் தமிழ்க்குமரன் அழைத்துவந்த முதல் ஆளை அக்கா வாசலின் நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார். எதிரே முழுத் தெருவும் அவரைப் பார்த்து வந்தது. தெரு ஏன் இப்படி நேராக வருகிறது என்று அவர் கேட்டார்.

“நல்ல காத்து வரும் சார். ஒருவாட்டி கரும்பு லாரியே உள்ள வந்துட்டுது” என்றார் அக்கா.

அது நடந்ததுதான். பழைய மதிலைக் கேட்டால் சொல்லும். வந்தவர் மோரைப் பாதியில் வைத்துவிட்டு நாற்காலியைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டார்.

“சும்மா இருக்க மாட்டியாக்கா?” என்றார் தமிழ்க்குமரன்.

“நானா சொல்றேன்? வாசலுக்கே ரோடு வருதுன்னு உங்காளுதானே எழுதிக் குடுத்தாரு.”

அடுத்து வந்தவர்களுக்கும் அதே நாற்காலி, அதே மோர், அதே லாரி. ஏலத்தன்று ஒருவரும் கேட்கவில்லை. இதற்குள் கம்பெனியிடம் விற்காத வீடுகள் குவிந்துவிட்டிருந்தன. மேனேஜரே நேரில் வந்து, வட்டியைக் குறைத்துத் தவணையை நீட்டித்துக் கையெழுத்து வாங்கிப் போனார். அவரும் வாசலுக்கு நேராக நிற்காமல் ஓரமாகத்தான் நின்றார்.

வீடு தங்கியது. பிள்ளையார் மாடத்துக்குத் திரும்பினார். ஆனால் அன்று முதல் சிங்காரவேலு கட்டிலை மாட்டுக்கொட்டகையில் போட்டுக்கொண்டார்.

“யோவ், அது வாங்க வந்தவனுக்குச் சொன்னது. உனுக்கா சொன்னேன்?”

அவர் சமாதானமாகி வீட்டுக்குள் வந்தார். கட்டிலை மட்டும் வாசலுக்கு நேராகப் போடவில்லை.